எண்ணிக்கை எதைச் சொல்கிறது? சுப்பீரியர் ஏரிக்கரையில் வலசைபோகும் கொன்றுண்ணிப் பறவைகளின் கணக்கெடுப்பு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்குக் கோடியில் டுலூத் நகரம் அமைந்துள்ளது. அந்நகரின் ஹாக் ரிட்ஜ் என்னும் மேட்டில், தெற்கு நோக்கி வலசைபோகும் கொன்றுண்ணிப் பறவைகள் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் எண்ணப்படுகின்றன. பறவைகள் அவ்விடத்தில் குவிவதற்கான காரணங்கள், கணக்கெடுப்பின் வரலாறு, எண்ணும் முறை, அதில் நேரும் பிழைகள், கிடைத்த எண்களிலிருந்து பறவைத்தொகையின் ஏற்ற இறக்கத்தை அறியும் வழி ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நோக்குமேட்டில் பெறப்படும் எண்ணைப் பறவைகளின் மொத்தத் தொகையாகக் கொள்ளல் பிழை என்பதும், மாறாத முறையில் பல்லாண்டுகள் எண்ணும்போதுதான் அவ்வெண் சான்றாகிறது என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: வலசை, கொன்றுண்ணிப் பறவைகள், சுப்பீரியர் ஏரி, ஹாக் ரிட்ஜ், கணக்கெடுப்பு முறை, பெருக்கல் சராசரி

முன்னுரை

ஒரு பறவையினம் பெருகுகிறதா, அருகுகிறதா என்பதை அறிந்தால்தான் அதனைக் காக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய இயலும். நீர்ப்பறவைகள் குளங்களில் கூடுவதால் அவற்றை எண்ணுவது ஓரளவு எளிது. கொன்றுண்ணிப் பறவைகளின் நிலை வேறு. பிற உயிர்களை வேட்டையாடி உண்ணும் இப்பறவைகள் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதால் இயல்பாகவே தொகையில் குறைந்தவை. ஓர் இணை வாழப் பரந்த வேட்டைநிலம் தேவைப்படுவதால் ஒன்றுக்கொன்று தொலைவில் கூடமைப்பவை. கனடாவின் வடபகுதியில் பரந்து கிடக்கும் ஊசியிலைக் காடுகளுக்குள் சென்று இவற்றின் கூடுகளைத் தேடி எண்ணுவது நடைமுறையில் இயலாத செயல்.

ஆனால் ஆண்டுக்கு இருமுறை இப்பறவைகள் காட்டை விட்டு வெளிப்பட்டுக் குறிப்பிட்ட சில வழிகளில் பறந்து செல்கின்றன. அவ்வழியில் நின்று எண்ணினால், தேடிச் சென்று காண முடியாதவற்றை ஓரிடத்திலிருந்தே காணலாம். வலசைக் கணக்கெடுப்பின் அடிப்படைக் கருத்து இதுவே.

இக்கட்டுரையில் வழங்கப்படும் பெயர்கள் குறித்து ஒரு குறிப்பு தேவை. பருந்து, எருவை, பாறு, எழால் எனக் கொன்றுண்ணிகளை வேறுபடுத்திக் கூறும் மரபு சங்க இலக்கியத்திலேயே உண்டு. எனினும் இங்குப் பேசப்படும் இனங்களுள் பல தமிழகத்தில் காணப்படாதவை. ஆகவே அகன்ற சிறகுப் பருந்து, கூர்ங்கால் வைரி, பெருவைரி, வெண்டலைக் கழுகு என அவற்றின் தோற்றத்தைக் கொண்டு பெயர்கள் தரப்பட்டுள்ளன.

ஏரியும் மேடும்

பரப்பளவால் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரியான சுப்பீரியர், ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கனடாவின் காடுகளிலிருந்து இலையுதிர் காலத்தில் தெற்கே வரும் பறவைகளை இந்நீர்ப்பரப்பு தடுத்து நிறுத்துகிறது. இதற்குக் காரணம் பருந்துகள் பறக்கும் முறையில் உள்ளது.

வெயிலில் நிலம் சூடேறும்போது அதனையொட்டிய காற்றும் சூடேறித் தூண்போல மேலெழுகிறது. பருந்துகள் அக்காற்றுத்தூணுக்குள் சிறகை விரித்து வட்டமிட்டே உயரம் பெறுகின்றன. உச்சியை அடைந்ததும் சிறகைச் சற்று ஒடுக்கி முன்னோக்கிச் சரிந்து மிதந்து அடுத்த காற்றுத்தூணை அடைகின்றன. சிறகடிப்பதற்குரிய ஆற்றல் இதனால் மிச்சமாகிறது. அரைக் கிலோவுக்கும் குறைவான எடையுள்ள அகன்ற சிறகுப் பருந்து, மத்திய அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் பறந்து செல்ல முடிவது இச்சிக்கனத்தால்தான். குளிர்ந்த ஏரிநீரின் மேல் இத்தகைய வெங்காற்று எழுவதில்லை. ஏரியைக் கடக்க வேண்டுமானால் இடைவிடாது சிறகடிக்க வேண்டும். களைத்தால் இறங்க இடமில்லை. எனவே பெரும்பாலான பருந்துகள் நீரைத் தவிர்க்கின்றன. வல்லூறுகளும் விரால் அடிப்பானும் நீரைக் கடக்க அத்துணை தயங்குவதில்லை.

ஏரியின் வடகரை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து செல்கிறது. கரையை அடைந்த பறவைகள் அதன் ஓரமாகவே தென்மேற்கே திரும்புகின்றன. ஏரி முடியும் இடம் டுலூத். பரந்த நிலப்பரப்பிலிருந்து புறப்பட்ட பறவைகள், புனலின் வாய் வழியே இறங்கும் நீர்போல அங்கு ஒடுங்கி வந்து சேர்கின்றன. கரையையொட்டி ஏரிமட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 180 மீட்டர் உயர்ந்து நிற்கும் மேட்டில் மோதும் காற்றும் மேல்நோக்கித் திரும்பிப் பறவைகளுக்குத் துணைசெய்கிறது. குளிர்காற்று முகப்பு ஒன்று கடந்து சென்றபின் வானம் தெளிந்து வடமேற்குக் காற்று வீசும் நாள்களில் பறவைகள் கரையை நோக்கித் தள்ளப்பட்டு மிகுதியாகத் தென்படும். மழையோ மூடுபனியோ ஏரியிலிருந்து வீசும் கீழைக்காற்றோ உள்ள நாள்களில் மேட்டின்மேல் ஒரு பறவையும் காணப்படாமல் போகலாம்.

துப்பாக்கியிலிருந்து குறிப்பேட்டுக்கு

பறவைகள் குவியும் இடத்தை எண்ணுவோருக்கு முன்பே சுடுவோர் அறிந்திருந்தனர். கோழிகளையும் வேட்டைக்குரிய பறவைகளையும் கொல்லும் பகையாகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அமெரிக்காவில் பருந்துகள் கருதப்பட்டன. பென்சில்வேனியா மாநிலம் 1929-இல் பெருவைரி ஒன்றைக் கொன்றால் 5 டாலர் பரிசு என அறிவித்தது. அம்மாநிலத்தில் வலசைப்பாதையில் இருந்த ஒரு மலையில் ஆண்டுதோறும் பருந்துகள் சுட்டுக் குவிக்கப்பட்டதை அறிந்த ரோசலி எட்ஜ் என்னும் பெண்மணி, 1934-இல் அம்மலையைக் குத்தகைக்கு எடுத்துப் புகலிடமாக்கினார். ஹாக் மவுண்டன் என வழங்கும் அவ்விடத்தில் காவலராக அமர்ந்த மாரிஸ் புரூன், சுடுவோரைத் தடுத்ததோடு கடந்து செல்லும் பறவைகளை எண்ணவும் தொடங்கினார்.

டுலூத்திலும் இதுவே நிகழ்ந்தது. மேட்டில் நின்று பருந்துகளைச் சுடும் வழக்கத்தை உள்ளூர்ப் பறவையார்வலர்கள் எதிர்த்து நிறுத்தச் செய்தனர். 1951-இல் அங்கு ஒழுங்குபடுத்தப்பட்ட கணக்கெடுப்பு தொடங்கியது. டுலூத்திலுள்ள மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜாக் ஹாஃப்ஸ்லண்டு இப்பணியில் முன்னின்றவர். 1972-இல் டுலூத் ஆடுபன் சங்கம் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு மேட்டின் உயர்ந்த பகுதியை நகராட்சி வாங்கி இயற்கைக் காப்பிடமாக்கியது. அவ்வாண்டு முதல் கணக்கெடுப்பு பருவம் முழுவதும் தொடர்ந்து நடைபெறுகிறது. பறவைகளைப் பிடித்து வளையமிடும் பணியும் அவ்வாண்டிலேயே தொடங்கியது.

எண்ணும் முறை

இப்போது ஹாக் ரிட்ஜில் கணக்கெடுப்பு ஆகஸ்டு 15 முதல் நவம்பர் 30 வரை நடைபெறுகிறது. இக்காலத்துள் இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கின்றன. செப்டம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் சில நாள்களுக்குள் திரளாகச் சென்றுவிடுகின்றன. கூர்ங்கால் வைரிகள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் பரவலாகச் செல்கின்றன. அக்டோபரில் செவ்வால் பருந்தும் பெருவைரியும், நவம்பரில் வெண்டலைக் கழுகும் பொன்னிறக் கழுகும் மிகுதி.

கணக்கர் இருகண்ணோக்கியுடனும் தொலைநோக்கியுடனும் ஒரே இடத்தில் நின்று வானத்தைப் பகுதி பகுதியாகத் துழாவுகிறார். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இனவாரியான எண்ணிக்கையோடு காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, மேகமூட்டம், பார்வைத்தொலைவு, எண்ணுவோர் தொகை ஆகியவையும் பதிவு செய்யப்படுகின்றன. இயன்றவரை பறவை முதிர்ந்ததா, அவ்வாண்டில் பிறந்ததா என்பதும் குறிக்கப்படுகிறது.

தொலைவில் புள்ளியாகத் தெரியும் பறவையை நிறங்கொண்டு அறிய இயலாது. வடிவமும் பறக்கும் முறையும் கொண்டே அறிய வேண்டும். அகன்ற சிறகும் குறுகிய வாலும் கொண்டு வட்டமிடுவன பருந்துகள். குறுஞ்சிறகும் நீள்வாலும் கொண்டு சிலமுறை சிறகடித்துச் சிறிது மிதந்து செல்வன வைரிகள். கூரிய சிறகால் இடைவிடாது அடித்துப் பறப்பன வல்லூறுகள். உறுதியாகச் சொல்ல இயலாதபோது ‘இனம் அறியப்படாதது’ என்றே எழுத வேண்டும். ஊகித்து எழுதிய இனப்பெயரைவிட இப்பதிவு ஆய்வுக்குப் பயன்மிக்கது; அறியாமையின் அளவும் அதனால் கணக்கில் இடம்பெற்றுவிடுகிறது.

பருந்துகள் நூற்றுக்கணக்கில் ஒரே காற்றுத்தூணில் வட்டமிடும் சுழற்கூட்டத்தை எண்ணுவது மிகக் கடினம். ஒன்றையொன்று மறைத்தும் குறுக்கிட்டும் சுழலும்போது எண்ணினால் ஒரே பறவை இருமுறை எண்ணப்படும். ஆகவே கணக்கர் காத்திருக்கிறார். உச்சியை அடைந்த பறவைகள் கூட்டத்தைவிட்டுக் கோடுபோல நீண்டு தெற்கே மிதந்து செல்லும்போது, வானில் தாம் மனத்தால் வரைந்துகொண்ட ஓர் எல்லையைக் கடக்கும் ஒவ்வொன்றையும் எண்ணுகிறார். திரள் மிகும்போது பத்துப் பறவைகள் எவ்வளவு இடம் கொள்கின்றன எனக் கண்டு, பத்துப் பத்தாகவோ ஐம்பது ஐம்பதாகவோ மதிப்பிடுகிறார். மேட்டிலேயே தங்கி வாழும் பறவைகள் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

கண்ணுக்குத் தப்பும் பறவைகள்

எத்துணை விழிப்புடன் எண்ணினாலும் மேட்டைக் கடக்கும் எல்லாப் பறவைகளும் கண்ணில் படுவதில்லை. மேகமற்ற நீலவானத்தில் உயரே செல்லும் பறவை புலப்படாது. வெண்மேகம் பின்னணியாக இருந்தால் அதே உயரத்திலும் புலப்படும். நண்பகலில் வெங்காற்று வலுப்பட்டுப் பறவைகள் மிக உயரத்தில் செல்வதால் எண்ணிக்கை தாழலாம். வலசை ஓய்ந்துவிட்டதாக அதற்குப் பொருள்கொள்ளக் கூடாது. கணக்கரின் பயிற்சி, களைப்பு, உடன் நிற்போரின் தொகை ஆகியவையும் எண்ணை மாற்றுகின்றன. காற்று திசைமாறினால் பறவைகள் மேட்டிலிருந்து விலகி உள்நாட்டு வழியே சென்றுவிடுவதும் உண்டு.

ஆகவே நோக்குமேட்டின் எண், கடந்து சென்ற பறவைகளுள் காணப்பட்டவற்றின் எண்ணே ஆகும். காணப்பட்ட விகிதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தால், எண்ணின் ஏற்றத்தாழ்வு பறவைத்தொகையின் ஏற்றத்தாழ்வைக் காட்டும். இவ்விகிதத்தை நிலையாக வைக்கவே ஒரே இடம், ஒரே காலவரம்பு, ஒரே முறை என்னும் கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டுள்ளன. இதனால், பறவை வாராத நாளும் பதிவுக்குரிய நாளே. ‘இன்று ஒன்றும் வராது’ எனக் கருதி வராமல் இருந்துவிட்டால், நல்ல நாள்கள் மட்டுமே ஏட்டில் சேர்ந்து, அருகிவரும் இனமும் நிலையாக இருப்பதுபோல் தோன்றும்.

ஒரு நாளும் பல ஆண்டுகளும்

ஹாக் ரிட்ஜின் பதிவுகளுள் புகழ்பெற்றது 2003 செப்டம்பர் 15-ஆம் நாள். அன்று ஒரே நாளில் 1,02,321 கொன்றுண்ணிகள் எண்ணப்பட்டன; அவற்றுள் 1,01,698 அகன்ற சிறகுப் பருந்துகள். பத்து மணி நேரம் எண்ணியதாகக் கொண்டாலும் நொடிக்கு ஏறத்தாழ மூன்று பறவைகள் ஆகும். பல ஆண்டுகளில் பருவம் முழுவதும் எண்ணினாலும் இவ்வளவு தொகை எட்டப்படுவதில்லை.

அவ்வாண்டு பருந்துகள் திடீரெனப் பன்மடங்கு பெருகிவிட்டன என இதற்குப் பொருளன்று. ஆண்டுக்கு ஓரிரு குஞ்சுகளை மட்டுமே வளர்த்தெடுக்கும் பறவையினம் அவ்வாறு பெருக இயலாது. பல நாள்கள் பரவலாகச் செல்ல வேண்டிய பறவைகள் வானிலையால் ஒரே நாளில், மேட்டிலிருந்து காணத்தக்க வழியில், திரண்டு சென்றன என்பதே பொருந்தும் விளக்கம்.

இத்தகைய ஒரு நாள், கணக்கீட்டில் மற்ற நாள்களை விழுங்கிவிடக்கூடும். மூன்று நாள்களில் முறையே 10, 100, 1,000 பறவைகள் எண்ணப்பட்டதாகக் கொள்வோம். அவற்றின் கூட்டல் சராசரி 370. எண்களைப் பெருக்கி மூன்றாம் மூலம் காணும் பெருக்கல் சராசரி 100. மூன்றாம் நாளின் எண் 1,000-க்கு மாறாக 1,00,000 என்றானால் கூட்டல் சராசரி 33,370 ஆக உயரும். பெருக்கல் சராசரி ஏறத்தாழ 464 மட்டுமே. ஒரு நாளின் வானிலை ஓராண்டின் முடிவைத் தீர்மானிக்காமல் காப்பதால், வலசை ஆய்வில் பெருக்கல் சராசரியை அடிப்படையாகக் கொண்ட குறியீடுகள் பயன்படுத்தப்படுகின்றன. சுழியமான நாள்களைப் பெருக்க இயலாதாகையால் ஒவ்வொரு நாளின் எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக்கொள்வது ஒரு வழக்கம். ஒவ்வோர் இனமும் எந்நாள்களில் மிகுதியாகக் கடக்கும் என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. வட அமெரிக்காவின் பல நோக்குமேடுகளின் தரவுகளை இவ்வாறு ஒருங்கிணைத்து ஆராயும் கூட்டுமுயற்சி 2004-இல் தொடங்கப்பட்டது.

குறைவும் மிகுதியும் உணர்த்துவன

முறையாகப் பெற்ற எண்ணும் தன் பொருளைத் தானே சொல்வதில்லை. இதனை மூன்று எடுத்துக்காட்டுகள் விளக்கும்.

முதலாவது வெண்டலைக் கழுகு. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் ஹாக் மவுண்டன் பதிவுகளைச் சான்றாகக் காட்டினார். 1935–39 காலத்தில் அங்குக் காணப்பட்ட கழுகுகளுள் 40 விழுக்காடு இளையவை. 1955–59 காலத்தில் அது 20 விழுக்காடாகச் சரிந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் குறித்திருந்தால் இது வெளிப்பட்டிராது. முதிர்ந்த கழுகுகள் நெடுநாள் வாழ்வதால் அவை தொடர்ந்து காணப்பட்டன, குஞ்சுகளே குறைந்தன. டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் எச்சம் உணவு வழியே கழுகின் உடலில் சேர்ந்து இனப்பெருக்கத்தைக் கெடுத்தது பின்னர்த் தெளிவாயிற்று. 1972-இல் அமெரிக்கா அதன் பயன்பாட்டைத் தடைசெய்தது. அதன்பின் வந்த பத்தாண்டுகளில் ஹாக் ரிட்ஜைக் கடக்கும் வெண்டலைக் கழுகுகள் பெருகின. 2007-இல் அவ்வினம் அந்நாட்டின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இரண்டாவது கூர்ங்கால் வைரி. கிழக்கு அமெரிக்காவின் சில நோக்குமேடுகளில் 1980-களிலும் 1990-களிலும் இதன் எண்ணிக்கை குறைந்தது. இனம் நலிகிறது என அஞ்சப்பட்டது. ஆனால் குளிர்காலக் கணக்கெடுப்புகளில் வடபகுதிகளில் இவ்வினம் முன்னிலும் மிகுதியாகக் காணப்பட்டது. வீடுகளில் சிறுபறவைகளுக்கு வைக்கப்படும் தீனித்தட்டுகளை நாடி வரும் பறவைகளே இதன் இரை. வடக்கிலேயே இரை கிடைத்ததால் வைரிகளுள் ஒரு பகுதி தெற்கே செல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் விளக்கினர். வழியில் நிற்பவருக்கு இறந்த பறவையும் புறப்படாத பறவையும் ஒன்றுபோலவே தோன்றும்.

மூன்றாவது பெருவைரி. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இது டுலூத்தில் பெருந்தொகையாகக் காணப்படும். 1972, 1982 ஆகிய ஆண்டுகளில் பருவத்தொகை 5,000-ஐக் கடந்தது. வடபுலக் காடுகளில் இதன் முதன்மை இரையாகிய பனிமுயலும் காட்டுக்கோழி இனங்களும் அதே கால இடைவெளியில் பெருகிச் சரிவன. இரை சரிந்ததும் பட்டினி தாங்காத பெருவைரிகள் தெற்கே வருகின்றன. நோக்குமேட்டில் பேரெண்ணிக்கை பதிவாகும் ஆண்டு, பறவைகளுக்குப் பஞ்ச ஆண்டாகவும் இருக்கலாம்.

இந்திய ஒப்பீடு

ஏரியோரத்தில் கொலைக்களம் காப்பிடமான வரலாறு இந்தியாவிலும் உண்டு. நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்திலுள்ள தோயாங் நீர்த்தேக்கத்தில், வடகிழக்கு ஆசியாவிலிருந்து தென் ஆப்பிரிக்கா நோக்கிச் செல்லும் அமூர் வல்லூறுகள் இலையுதிர் காலத்தில் தங்கிச் செல்கின்றன. 2012-இல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை வலைகளில் பிடித்துக் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டே அவ்வூர் மக்கள் வேட்டையைக் கைவிட்டுக் காவலை மேற்கொண்டனர். 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டபோது அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்தி என அவ்விடப் பெயர்களே இடப்பட்டன.

எனினும் டுலூத்தின் எண்ணும் முறையை அங்கு அப்படியே கொண்டுசெல்ல இயலாது. டுலூத்தைக் கடந்த பறவை அப்பருவத்தில் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆதலால் நாள்தோறும் பெற்ற எண்களைக் கூட்டலாம். தோயாங்கில் பறவைகள் இரைதேடிப் பல நாள்கள் தங்குகின்றன. நேற்று எண்ணிய பறவையே இன்றும் எண்ணப்படக்கூடும் என்பதால் நாள் எண்களைக் கூட்டினால் தொகை பொய்யாகப் பெருகும். ஓரிடத்தில் பறவை கடந்து செல்கிறதா, தங்குகிறதா என்பதை அறிந்த பின்னரே எண்ணும் முறையை வகுக்க வேண்டும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும்.

முடிவுரை

சுப்பீரியர் ஏரி பறவைகளைக் கரைக்குத் திருப்பி ஒன்றுசேர்ப்பதால் ஹாக் ரிட்ஜ் மேட்டில் அவற்றை எண்ண முடிகிறது. அங்குப் பெறப்படும் எண் வானிலை, பார்வை, இரைவளம், பறவைத்தொகை ஆகிய நான்கும் கலந்த ஒன்று. முதல் மூன்றையும் பிரித்தறிந்த பின்னரே நான்காவதைப் பற்றிப் பேச இயலும். அதற்கு வானிலைப் பதிவும், வயதுக் குறிப்பும், பிற கணக்கெடுப்புகளுடன் ஒப்பிடுதலும், இடையறாத பல்லாண்டுத் தொடர்ச்சியும் தேவை.

இந்தியாவில் புதிய நோக்குமேடுகளை அமைக்க முனைவோர், பெருந்திரள் காணப்படும் இடத்தைத் தேடுவதோடு, அங்குப் பருவந்தோறும் தவறாமல் எண்ணுவதற்கு ஆளும் நிதியும் உண்டா என்பதையும் முதலிலேயே ஆராய வேண்டும். ஒரு இலட்சம் பறவைகள் கடந்த நாளின் பதிவுக்குப் பொருள் தருவது, அதற்கு முன்னும் பின்னும் மூடுபனியில் ஒருவர் நின்று ‘சுழியம்’ என எழுதிய நாள்களே.